கடை மூடிக்கிடந்தப்ப சொன்னது

கெங்கம்மாள்: ...அதான் சம்பந்தி, டிவியில ஓடிக்கினே இருக்குது. நீங்க பார்க்கலையா?

அம்சா: விழுப்புரத்துல காலையிலேந்து கரண்டே இல்ல சம்பந்தி. இன்னா ஓடுது?

கெங்கம்மாள்: இந்த ஊரடங்குல அத்தியாவசியம் இல்லாத சாமானையும் வீட்டுக்கே கொண்டாந்து குடுக்கலாம்னு அனுமதி குடுத்துட்டாங்களாம். ஃபோன்ல அமுக்கினா போதும். திண்டிவனத்துல எங்க வாசல்லயே இறக்கிட்டுப் போயிடுவான்.

அம்சா: ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு பஸ்ஸு விட வக்கில்ல. இதுக்கு மட்டும் வண்டி ஓடுதாமா? சரி, இறக்கட்டும். எதை இறக்கப் போறான்?

கெங்கம்மாள்: ஃப்ரிட்ஜுதான்.

அம்சா: வாங்கிக்குங்க. நல்ல வெயிலு.

கெங்கம்மாள்: நாங்க வாங்கறதா? நீங்க வாங்கி அனுப்பறது. ரோஜாவோட சீரு.

அம்சா: ஓ...

கெங்கம்மாள்: இன்னா இழுக்கறீங்க?

அம்சா: இல்ல... கல்யாணத்தன்னிக்கு திருவக்கரையில, பூட்டின கோயில் வாசல்ல நின்னுக்கினு, "எங்களுக்குப் பொண்ணு மட்டும் போதும்"னு சொன்னது யாருன்னு ரோசனை பண்றேன். எல்லாரும் மாஸ்க் போட்டிருந்தோமா, முகம் தெரியல.

கெங்கம்மாள்: நான்தான் சொன்னேன். இல்லன்னு சொல்லலையே. அது கடை மூடிக்கிடந்தப்ப சொன்னது.

அம்சா: அது சரி. கடைக்கு ஷட்டர் இருக்கிற மாதிரி வாய்க்கும் இருக்குது போல.

கெங்கம்மாள்: நக்கலு வேணாம் சம்பந்தி. பத்து பேரு, ஒரு அண்டா தக்காளி சாதம்... கல்யாணம் முடிஞ்சிடுச்சு. மண்டபம் மிச்சம், மேளம் மிச்சம். ஊரடங்குல லாபம் பார்த்தது நீங்கதான். ஊரே கேக்குது, பொண்ணு கைய வீசிக்கினு வந்தாளான்னு.

அம்சா: ஊரே அடங்கிக் கெடக்குது. அது எங்க வந்து கேட்டுச்சு?

கெங்கம்மாள்: ஜன்னல் வழியா கேக்குது! ஆமா... உங்க பொண்ணு நேத்து இன்னிக்கு உங்களுக்கு ஃபோனு ஏதாச்சும் பண்ணாளா?

அம்சா: ஃபோனா? இல்லியே. ஏன்?

கெங்கம்மாள்: சும்மா கேட்டேன். அவதான் ஃப்ரிட்ஜுக்கு ஆசைப்படறா. எனக்கு எதுக்கு? நான் பானைத் தண்ணியிலயே வளர்ந்தவ.

அம்சா: அரசாங்கமே அத்தியாவசியம் இல்லாத சாமான்னு சொல்லுது. உங்களுக்கு மட்டும் இம்மாம் அவசரமான்னு பார்த்தேன். ரோஜா கேக்கறாளா?

கெங்கம்மாள்: காலையிலேந்து ஃபோனும் கையுமா கலரு பார்த்துக்கினு இருக்கா. செவப்புதான் வேணுமாம்.

அம்சா: அவகிட்ட குடுங்க. அவ வாயால சொல்லட்டும், இப்பவே போட்டுடறேன்.

கெங்கம்மாள்: குளிக்கிறா.

அம்சா: கலரு பார்க்கறான்னீங்க?

கெங்கம்மாள்: பார்த்துட்டுக் குளிக்கப் போனா.

அம்சா: வரட்டும். இருக்கேன்.

கெங்கம்மாள்: வந்தா துணி காயப்போட மாடிக்குப் போவா. லேட்டாவும்...

அம்சா: உங்களுது ஓட்டு வீடாச்சே? மாடியும் ஃபோன்ல அமுக்கி வரவெச்சீங்களா?

கெங்கம்மாள்: பக்கத்து வீட்டு மாடி! இன்னாங்க இது, போலீஸு மாதிரி நோண்டறீங்க?

அம்சா: பெத்தவ கேக்கறேன். நல்லா இருக்காளா?

கெங்கம்மாள்: ராணி மாதிரி வெச்சிருக்கேன். இன்னிக்கு மல்லாட்டைக் கடலை வறுத்துச் சட்னி அரைச்சு, நாலு தோசை என் கையாலயே ஊட்டி விட்டேன்.

அம்சா: ஊட்டியே விட்டீங்களா! குடுத்து வெச்சவதான். மாப்பிள்ளை எப்படி இருக்காரு?

கெங்கம்மாள்: அவன்தான் பேஜாரு பண்றான். ஜில்லுனு தண்ணி இல்லாம தூக்கம் வரலையாம். "மாமியா வீட்டுல ஒரு ஃப்ரிட்ஜுக்கு வழியில்லையா"ன்னு கத்திக்கினு கெடக்கறான்.

அம்சா: அவரா? மோதிரமே வேணாம்னு ஒதுங்கி நின்னவரு?

கெங்கம்மாள்: தென்னரசைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. கோவம் வந்தா பொண்டாட்டின்னு பார்க்க மாட்டான். "ஃப்ரிட்ஜு வராட்டி அவளை அம்மா வீட்டுக்கே தொரத்திடறேன்"ங்கறான். நான்தான் குறுக்கே விழுந்து தடுத்து வெச்சிருக்கேன்.

அம்சா: அந்த வார்த்தைய அவரே சொன்னாரா?

கெங்கம்மாள்: அங்காளம்மன் மேல சத்தியமா! இப்பதான், இதோ, என் எதிர்ல நின்னு சொன்னான்.

அம்சா: எதிர்லயா நிக்கறாரு? குடுங்க, ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்.

கெங்கம்மாள்: காய் வாங்கப் போயிருக்கான்.

அம்சா: நின்னுக்கினேவா?

கெங்கம்மாள்: நின்னான், போனான்! அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? ஜல்தி முடிவு சொல்லுங்க. இன்னிக்கு ஃப்ரிட்ஜு போடறீங்களா... இல்ல, பொண்ண வந்து கூட்டிக்கினு போறீங்களா?

அம்சா: ரெண்டுக்கும் வேலையில்ல சம்பந்தி. நீங்க பேச ஆரம்பிச்சப்பலேந்து இந்த ஃபோனு ஸ்பீக்கர்லதான் கெடக்குது. பேசுங்க மாப்பிள்ளை.

கெங்கம்மாள்: ...யாரு? யாரு பக்கத்துல?

தென்னரசு: நான்தாம்மா. ஃப்ரிட்ஜோட வந்தாதான் உள்ளன்னு நேத்து நீ ரோஜாவைத் தெருவுல நிறுத்திக் கதவைச் சாத்தினப்ப நான் ரைஸ் மில்லுல இருந்தேன். அங்க திண்டிவனத்துலயே அவ சித்தி வீட்டுல முடங்கிக் கெடப்பான்னு நீ நெனைச்சுக்கினு இருக்கே. தர்பூசணி ஏத்தின வண்டியில ஒண்டிக்கினு இங்க வந்து சேர்ந்திருக்கா. கால்ல விழுந்தாவது கூட்டிக்கினு வந்துடலாம்னுதான் காய் வாங்கப் போறேன்னு உன்கிட்ட பொய் சொல்லிட்டு பைக்க எடுத்தேன். இப்ப நீ பேசினதை அவளும் கேட்டுட்டா... எந்த வாயால அவளை வான்னு கூப்பிடுவேன்? என் துணியையும் எடுத்து வெளிய வெச்சிரும்மா.