சின்னக்கண்ணுவுக்கு வயது பத்து

விழாவுக்குத் தலைமை தாங்கும் மலைச்சாமி அவர்களே, மண்டபத் திருப்பணிக் குழுவின் மாண்பமை பெரியோர்களே, எரியோட்டிலிருந்தும் வேடசந்தூரிலிருந்தும் வண்டி கட்டி வந்து குவிந்திருக்கும் குடியானவப் பெருமக்களே, இடுப்பில் பிள்ளையோடு இடமின்றி நிற்கும் தாய்மார்களே, கடைசியாக, பந்தலுக்குள் வர விடாமல் வேப்பமரத்தடியில் உட்கார வைக்கப்பட்டிருக்கும் என் சகோதரி சுந்தரம்மாள் அவர்களே! திண்டுக்கல்லில் வைத்தியம் பார்த்துப் பிழைக்கும் எளியேனின் வணக்கம்.

என்னை எதற்கு அழைத்தீர்கள்? இதோ, மஞ்சள் திரைக்குப் பின்னால் நிற்கும் கல்லைத் திறந்து வைக்க அழைத்தீர்கள். ‘நூற்றிருபது ஆண்டு வாழ்ந்த பாலசித்தர் சமாதி’ என்று அதில் வெட்டியிருக்கிறீர்கள். டாக்டர் கையால் திறந்தால் ஊர் நம்பும், உலகம் நம்பும் என்று எண்ணினீர்கள். வந்தேன். மாலையும் வாங்கிக்கொண்டேன். ஆனால் கல்லைத் திறப்பதற்கு முன்னால், அந்தக் கல்லுக்கு அடியில் கிடப்பவன் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

நூற்றிருபது வயதா? பிரசவத்தில் அந்தப் பிள்ளையை வாங்கிய கைகள் இவை! வாங்கிப் பத்து ஆண்டுதான் ஆகிறது. சுந்தரம்மாளுக்கும் பெருமாள்சாமிக்கும் பிறந்த தலைப்பிள்ளை. பெயர் சின்னக்கண்ணு. மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் பிறந்தான். ஓர் ஆண்டு கழிந்ததும் முடி கொட்டியது, தோல் சுருங்கியது, வளர்த்தி நின்றது, மூட்டுகள் இறுகின. பிஞ்சிலேயே முதுமை வந்து பிடிக்கும் நோய் அது. மேனாட்டு மருத்துவ நூல்களில் அதற்குப் பெயர் உண்டு. அபூர்வத்திலும் அபூர்வம். பாவத்தால் வருவதன்று, புண்ணியத்தால் வருவதுமன்று.

நம் உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரு. தாயும் தகப்பனும் தந்ததையெல்லாம் பொத்தி வைத்திருக்கும் பெட்டகம் அது. அண்மையில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், அந்தக் கருவின் உறைக்கு உட்புறமாக மெல்லிய நார்ப்படலம் ஒன்று ஒட்டிக்கிடப்பதைக் கண்டிருக்கிறார்கள். கூரையை உள்ளிருந்து தாங்கும் மூங்கில் வரிச்சலைப் போல அது கருவைத் தாங்குகிறதா? அவர்களுக்கே இன்னும் தெளிவில்லை. அது நைந்துபோனால் என்ன ஆகும்? தோல் சுருங்குமா? மூட்டு இறுகுமா? பத்து வயதுப் பிள்ளைக்குக் கிழவனின் இதயம் வருமா? எனக்குத் தெரியாது! தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. தெரியாதவர்கள் தேடவேண்டும். நாமோ தேடவில்லை, தேங்காய் உடைத்தோம்.

யாரது பின்னால், “சாமி வந்தப்புறந்தான மழை பேஞ்சுச்சு” என்பது? பெய்தது ஐயா, பெய்தது. ஐப்பசியில் மழை பெய்வதற்குச் சித்தர் எதற்கு?

சந்தையில் தாய் இடுப்பில் கிழவன் முகத்தோடு இருந்தவனைப் பார்த்து எவரோ சித்தர் என்று காலில் விழுந்தார். மறுநாள் மழை. அன்றே பந்தல் போட்டீர்கள். அன்றோடு அவன் பெயரும் போயிற்று. பெற்றவளும் சாமி என்றுதான் அழைக்கவேண்டும் என்று கட்டளை. ஒரு நாள் வாய் தவறி, “ஏலே சின்னக்கண்ணு, கஞ்சி குடிக்க வாடா” என்று கூப்பிட்டுவிட்டார். அந்தக் குற்றத்துக்குத்தான் வேப்பமரத்தடி.

சம்மணம் போடாத சித்தரா என்று கேட்டு, மடங்காத அந்தக் கால்களை மடக்கிக் காவித்துணியால் கட்டினீர்கள். “வலிக்குதுத்தா” என்று அழுதான். உலகத்தின் வலியைச் சாமி தாங்குகிறார் என்றீர்கள். பசிக்கிறது என்றான். சாமி அன்னதானம் கேட்கிறார் என்று பந்தி போட்டு, பாயசம் வைத்து, ஊரே உண்டு களித்தது. பல் நெருங்கி முளைத்து மெல்ல முடியாமல் கிடந்த பிள்ளைக்கு ஒரு வாய் கஞ்சி கரைத்துக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. சிரிக்கிறீர்களா? எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் நெஞ்சு வலிக்கிறது என்றான். தகப்பன் பெருமாள்சாமி என்னிடம் கொண்டுவர வண்டி பூட்டினார். சாமிக்கு ஊசி போட்டால் ஊருக்கு ஆகாது என்று மாட்டை அவிழ்த்து விட்டீர்கள். எனக்குச் சேதி எட்டி நான் வந்து சேர்ந்தபோது சூடம் எரிந்துகொண்டிருந்தது. பிழைக்க வைத்திருப்பேனா? மாட்டேன். அந்த நோய்க்கு என்னிடம் மருந்து இல்லை, எவரிடமும் இல்லை. ஆனால் வலியைக் குறைத்திருப்பேன். கால்கட்டை அவிழ்த்திருப்பேன். பிள்ளை தாய் மடியில் கிடந்து போயிருப்பான்.

தலைவர் மணி அடிக்கிறார். அடியுங்கள் ஐயா, இன்னும் ஒன்றுதான் பாக்கி.

காலையில் சுந்தரம்மாள் என் வீட்டு வாசலுக்கு வந்தார். என்ன கேட்டார் தெரியுமா? உண்டியல் கேட்டாரா? உரிமை கேட்டாரா? “சித்தரு சமாதியானா அழுகக் கூடாதுன்னு அன்னைக்கு என் வாயப் பொத்திட்டாங்கய்யா. கல்லுல அவென் பேரயும் வயசயும் வெட்டச் சொல்லுங்க. அதப் பிடிச்சுக்கிட்டு எம்பிள்ள பேரச் சொல்லி ஒருவாட்டி அழுதுக்கிறேன்” என்றார்.

தாய்மார்களே! இழவு வீட்டில் பெயர் சொல்லி ஒப்பாரி வைக்காத பெண் இந்தச் சீமையில் உண்டா? எதிரி செத்தாலும் பெயர் சொல்லி அழுகிறீர்களே! பெற்ற பிள்ளைக்கு அழ விடாத பக்தி என்ன பக்தி? அவளை ஊமையாக்கிவிட்டு எழுப்பும் மண்டபம் என்ன மண்டபம்?

இந்தத் திரைக் கயிற்றை நான் இழுக்கமாட்டேன். கல்லை வெட்டியவர் உளியோடு இங்கேதான் நிற்கிறார். நூற்றிருபதைக் கொத்தி எடுக்கட்டும். சின்னக்கண்ணு, வயது பத்து என்று வெட்டட்டும். மாலையை இந்தக் கல்லின் மேலேயே வைக்கிறேன். இது அவனுக்குச் சேரவேண்டியது.

வழி விடுங்கள். சுந்தரம்மாள் வரட்டும். வாங்கம்மா, கல்லுக்குப் பக்கத்தில் உட்காருங்கள், பெயரைச் சொல்லுங்கள்.

பொறுத்துக் கேட்டவர்களுக்கும் பொறுக்காமல் கேட்டவர்களுக்கும் என் நன்றி, வணக்கம். அந்த அம்மாள் அழுது முடிக்கும் வரையில் யாரும் எழுந்து போகாதீர்கள்.