வாசற்படிக் கல்

மாலை ஆறரை மணி. குண்டடத்திலிருந்து பல்லடம் போகும் சாலையில், பஸ் நிற்காத ஒரு பிரிவு... அங்கிருந்து தெற்கே மண் தடம். இரண்டு பக்கமும் ஆள் நடமாட்டம் இல்லை. அங்கேதான் அது நடந்தது.

இருங்கள், முதலில் அந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சசிகுமார், நாளைக்கு நீயும் சித்ரகலாவும் ஓசி வேனில் ஏறி வீடு பார்க்கப் போவதும் அங்கேதானே? மனை விற்கிறவர்கள் கொடுத்த நோட்டீஸில் ஊர் வரலாறு போட்டிருக்கிறது. "நேற்று வறண்ட காடு, இன்று வளரும் நகரம்." த்தூ! நோட்டீஸ் அடித்தவனுக்கு என்ன, நகர் பேரை எழுதி ஆர்ச் வைத்த நாளில்தான் ஊரே பிறந்தது.

அந்தப் பிரிவில் ஒரு சுமைதாங்கி இருந்தது. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்தது. தெய்வாத்தாள் என்று ஒருத்தி, வயிற்றில் பிள்ளையோடு செத்துப் போனாள். இறக்காத சுமையோடு போனவள். வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை இறக்கி வைத்தால் அவள் பாரமும் கொஞ்சம் குறையும் என்று வீட்டார் நட்ட கல். காட்டிலிருந்து வருகிறவர்கள் சோளத்தட்டுக் கட்டை அதன்மேல் இறக்கி, மூச்சு வாங்கிவிட்டுப் போவார்கள்.

இரண்டாயிரத்து ஆறில் காடு வீட்டுமனை சைட் ஆனது. பொக்லைன் வந்து மூன்று கல்லையும் பிடுங்கிப் போட்டது.

பனியன் கம்பெனியில் என்னோடு கட்டிங் டேபிளில் நின்ற ஈஸ்வரமூர்த்தியின் மச்சான் சிவராஜ்தான் அங்கே முதல் வீடு கட்டினான். அந்தப் படுக்கைக் கல் வாசற்படிக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. கொத்தனார் தயங்கினார்.

"ஏனுங்க, இது சொமதாங்கிக் கல்லாச்சுங்களே?"

"இனி யாருங்க தலையில சொமக்கறாங்க? எல்லாம் டெம்போதானுங்க. போடுங்க."

போட்டார்கள்.

சிவராஜின் மனைவி அன்புசெல்வி. பல வருடம் கோயில் கோயிலாக ஏறி இறங்கி, அப்போதுதான் வாயும் வயிறுமாக இருந்தாள். ஏழாம் மாதம். பிறந்த வீட்டார் வந்து போடும் கட்டுச்சோற்று விருந்துக்கு நாள் குறித்தாகிவிட்டது.

புது வீட்டுக்குக் குடி போன வாரமே சத்தம் ஆரம்பித்தது. விளக்கு வைக்கும் நேரம்... வாசலில் யாருக்கோ மூச்சு இரைக்கும். பிறகு, 'தொப்'. பச்சைச் சோளத்தட்டு வாசம். திறந்தால் வெறும் வாசல்.

"எக்ஸ்போர்ட் அவசரத்துல இதையெல்லாம் கேக்க நேரமில்ல அம்மிணி" என்று சிவராஜ் ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவான்.

அன்றைக்கு மார்கழிக் குளிர். கரண்ட் இல்லை. குழாயடியிலிருந்து குடத்தோடு வந்த அன்புசெல்விக்கு இடுப்பு விட்டுப் போனது. குடத்தை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து, ஒரு பெண் குரல். அன்பான குரல்.

"எத்தன நேரம் சொமந்துட்டு உக்காந்திருப்ப? எறக்கி வெச்சுட்டுப் போ கண்ணு."

"செரீங்க" என்றாள். குடத்தைக் கல்மேல் வைத்தாள். எழுந்தாள். அப்போதுதான் நினைவு வந்தது... வீட்டைப் பூட்டிவிட்டுத்தான் போயிருந்தாள். சாவி இடுப்பில் இருந்தது.

சித்ரகலா, கதவுப் பக்கம் பார்க்காதே. கேள்.

கை தானாக வயிற்றுக்குப் போனது. வயிறு இல்லை.

வலி இல்லை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. டாக்டரம்மா பழைய ஸ்கேனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "இது வேற யாரோடதோ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சொந்தபந்தம் என்ன சொன்னது தெரியுமா? துணியைக் கட்டிக்கொண்டு ஊரை ஏமாற்றினாளாம். எட்டி உதைக்கிற பிள்ளையைத் தன் கையால் தொட்டுப் பார்த்தவன் சிவராஜ்... அவன் வாயே திறக்கவில்லை. பேயைவிட அவன்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

அவளை ஊத்துக்குளியில் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டான். வீட்டை விற்கக் கொடுத்துவிட்டான். நாளைக்கு உங்களுக்கு முதலில் காட்டப்போவது அதைத்தான். படிமேல் டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். பளபளவென்று இருக்கும்.

அன்புசெல்வி இப்போதும் பஸ் ஏறி வந்து அந்தப் படியில் உட்கார்கிறாள். புரோக்கர் பைத்தியம் என்று விரட்டுகிறான். போன மாதம் அவளை அழைத்து வர கூடப்பிறந்த ஈஸ்வரமூர்த்தி போனான். அவள் அவன் கையைப் பிடித்து டைல்ஸ்மேல் வைத்தாள். அந்தப் பனியிலும் அந்த ஒரு இடம் மட்டும் கதகதப்பாக இருந்ததாம். கையை எடுப்பதற்குள்...

உள்ளேயிருந்து உதைத்ததாம்.