இருபத்தாறு மாதச் சம்பளச் சீட்டு

— வாட்ச்மேன் வேலையை எதுக்கு வக்கீலம்மா எழுதறீங்க? அது மிஷின் வேலையே இல்லையே.

— எழுதித்தான் ஆகணும். உங்களை வேலையை விட்டு அனுப்பினது தப்புன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. பாக்கி ஒண்ணுதான், இந்த ஆறு வருஷத்துல நீங்க இழந்தது எவ்வளவு? வெளியில சம்பாதிச்சதை அதுல கழிப்பாங்க. மறைச்சு மாட்டினா உள்ளதும் போயிடும். மாசம் எவ்வளவு?

— ஒம்பதாயிரம். நாலு வருஷம். அதுக்கு முன்ன ரெண்டு வருஷம் எவனும் சேர்க்கலை. மேலதிகாரியை அடிக்கக் கை ஓங்கினவன்னு எழுதிக் குடுத்தா எவன் சேர்ப்பான்?

— சரி, மேல போவோம். கடைசிச் சம்பளம் பதினெட்டாயிரத்து நானூறு. எழுபத்திரண்டு மாசத்துக்குப் பதிமூணு லட்சத்து இருபத்து நாலாயிரத்து எண்ணூறு வருது. வாட்ச்மேன் சம்பளத்தைக் கழிச்சா எட்டு லட்சத்துத் தொண்ணூத்தி ரெண்டாயிரத்து எண்ணூறு. அந்தத் தாளை அமுக்கிப் பிடிங்க, ஃபேன் காத்துல பறக்குது.

— என் பொண்டாட்டி காதுல கிடந்தது, கையில கிடந்தது எல்லாம் போச்சேம்மா, அது எந்தப் பக்கத்துல வரும்? பெரியவ படிப்பைப் பாதியில விட்டுட்டு துணிக்கடையில நிக்கிறா. நாள் பூரா உட்கார விடமாட்டாங்களாம். வீட்டுக்கு வந்ததும் காலைத் தண்ணி வாளியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்துடுவா.

— வராது. உங்க சம்பளம் மட்டும்தான் வரும்.

— நல்ல கணக்குத்தான் போங்க. யானை போச்சு, வாலை அளக்கிறோம்.

— வாலையாவது ஒழுங்கா அளப்போம். ஆறு வருஷமும் ஒரே சம்பளமா குடுத்திருப்பாங்க? இன்கிரிமென்ட் போட்டிருப்பாங்கல்ல. சேர்த்தா நல்லாவே ஏறும். ஆனா கம்பெனி ரெஜிஸ்டரைக் கண்ணுல காட்ட மாட்டேங்குது. உங்களுக்கப்புறம் இரும்புத் தகடு அழுத்துற அந்த பிரஸ் மிஷின்ல நின்னவர் யாரு? அவர் சம்பளச் சீட்டு கிடைச்சா போதும்.

— வேணாம்மா.

— என்ன வேணாம்?

— இன்கிரிமென்ட்டே வேணாம். இருக்கிறது போதும்.

— போதும்னு சொல்ற நிலைமையிலயா இருக்கீங்க? இப்பதானே வாளித் தண்ணிக் கதை சொன்னீங்க. ஆள் யாருன்னு மட்டும் சொல்லுங்க.

— குருவி. ஒல்லியா இருப்பான், அதனால அந்தப் பேரு. பக்கத்து மிஷின்ல இருந்தவன். நான் கை ஓங்கினேன்னு சாட்சி சொன்னவனும் அவன்தான்.

— ஓ, அவரா! கம்பெனி விசாரணைக் கட்டுல படிச்சேனே, 'பார்த்தேன், பார்த்தேன்'னு கிளிப்பிள்ளை மாதிரி. அதுக்குக் கூலியா உங்க இடமா? நல்லதாப் போச்சு. சம்மன் அனுப்பி வரவழைக்கிறேன்.

— அனுப்பினாலும் வாங்க ஆள் இல்லம்மா. செத்துட்டான்.

— எப்போ?

— நான் வெளிய வந்த இருபத்தாறாவது மாசம். அதே பிரஸ்ல. அச்சு மாத்த உள்ள குனிஞ்சிருக்கான். நிறுத்தி வெச்ச மிஷின்தான். மேல்பாகம் தானா இறங்கிருச்சு.

— கை உள்ள போனா நிறுத்துற சென்சாரைக் கழட்டிட்டாங்க, நான் ஓட்ட மாட்டேன்னு நீங்க சண்டை போட்டீங்களே, அந்த மிஷினா?

— அதேதான். அவனோட கவனக்குறைவுன்னு எழுதி ஃபைலை மூடிட்டாங்க.

— ரெண்டு வருஷமா இங்க வந்து போறீங்க. ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க?

— இந்தாங்க. பையிலயேதான் வெச்சிருக்கேன். இருபத்தாறு சீட்டு. அவன் சம்சாரம் குடுத்தது. 'அண்ணே, அவர் செஞ்ச பாவத்துக்கு இதாவது உதவட்டும், நீங்களாவது ஜெயிங்க'ன்னு சொல்லிட்டு, தண்ணிகூடக் குடிக்காமப் போயிருச்சு.

— கடைசிச் சீட்டுல இருபத்தி ரெண்டாயிரத்து நூறு. ஏறித்தான் இருக்கு. ஆனா... இதைக் கோர்ட்டுல வெச்சா ஒரு சிக்கல் வரும்.

— என்ன?

— எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்திரிப்பார். 'அந்த இடத்துல நின்னவர் இருபத்தாறாவது மாசம் செத்துட்டார். இவர் வேலையில இருந்திருந்தா இவரும் அன்னைக்குச் செத்திருப்பார். அதுக்கு மேல இவருக்கு என்ன நஷ்டம்? நாங்க வெளிய அனுப்பினதாலதான் உயிரோட வந்து பணம் கேட்கிறார்'னு சொல்வார்.

— அப்படியும் ஒரு மனுஷன் கேட்பானா?

— நான் அந்தப் பக்கம் இருந்தா கேட்பேன்.

— நான் செத்திருக்க மாட்டேன்மா.

— எல்லாரும் அப்படித்தான் நினைச்சுக்கிறோம்.

— நினைப்பு இல்ல. பதினாலு வருஷம் அதுகூடக் குடும்பம் நடத்தினவன் நான். காவு வாங்கறதுக்கு முன்னாடி அது காட்டிக் குடுத்துடும். நிறுத்தினப்புறமும் மேல்பாகம் மெதுவா ரெண்டு விரக்கடை இறங்கும். அப்படி இறங்கினா பிரேக் தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். நடுவுல இரும்புக் கட்டையை முட்டுக் குடுக்காம எவனும் தலையை உள்ள நீட்டக் கூடாது.

— இது போதும், இதையே பிரமாணப் பத்திரத்துல எழுதிடறேன். ஆனா அந்தச் சமயத்துல மிஷின் அப்படித்தான் இறங்கிச்சுன்னு எப்படிச் சொல்றது? நீங்க அங்க இல்லையே.

— இறங்கிச்சும்மா.

— யார் சொன்னாங்க உங்களுக்கு?

— குருவிதான்.

— செத்தவர் எப்படிங்க சொல்வார்?

— சாகறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டு வாசல்ல வந்து நின்னான். 'அண்ணே, நிறுத்தினாலும் ரெண்டு விரக்கடை இறங்குதுண்ணே, என்னன்னு சொல்லுண்ணே'ன்னான். 'பொய்ச் சாட்சி சொன்ன வாயாலயே அந்த மிஷின்கிட்ட கேட்டுக்கோடா'ன்னு கதவைச் சாத்திட்டேன்.