மாதா தேருக்கு ஒளி தந்த பேட்டரி

பெயர் பாட்ரீசியா, கணவர் பெயர் கிளீட்டஸ் (காலமானார்), வயது 46, டுரியான் துங்கால் அருகே தோட்ட வீட்டில் குடியிருக்கிறேன். பட்டதாரி. தனியார் அலுவலகமொன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன்.

என் கணவர் நுரையீரல் நோயால் வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷினில் இருந்தார். மழை பெய்தால் எங்கள் தோட்டத்தில் கரண்ட் போய்விடும். ஆகவே நீண்ட காலம் உழைக்கும் நிக்கல் இரும்பு பேட்டரி வாங்க முடிவு செய்து, முதலில் தெங்கேராவில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் காந்தனிடம் விசாரித்தோம். சாதாரண பேட்டரியைவிடப் பல மடங்கு விலை சொன்னார். அதன் பிறகு அவர், "ரொம்ப வருஷம் வரும் சிஸ்டர். ஆனா சும்மா வெச்சாலும் சார்ஜ் இறங்கும், அடிக்கடி தண்ணி ஊத்தணும். உயிர் விஷயம், இத மட்டும் நம்பாதீங்கலா" என்றார். வெளியே வந்ததும் என் கணவர், "இவன் விக்க வந்தானா, வேணாம்னு சொல்ல வந்தானா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு பாச்சாங்கில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் மார்வின் என்பவர், எங்கள் தோட்டக் கோயிலில் மாதா திருவிழாவின்போது தேர் விளக்குகளுக்கும் கோயிலுக்கும் இதே வகைப் பேட்டரிகளை இலவசமாகக் கொடுத்தார். தேர் தோட்டம் முழுவதும் சுற்றி வந்தும் விளக்குகள் மங்கவில்லை. மாதாவுக்குக் கொடுத்தவரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. நானும் சோதிக்கவில்லை. அவர் சொன்ன விலை காந்தனுடையதைவிடச் சற்றுக் குறைவு. அதற்கே எங்கள் காரை விற்றோம்.

மார்வின் எங்கள் வீட்டில் வைத்தது மூடி முத்திரையிட்ட இரும்புப் பெட்டி. கோயில் பேட்டரிகளுக்கு, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஜெயமணி அண்ணன் ஞாயிறுதோறும் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்திருந்ததால், இதற்கு ஊற்ற வேண்டாமா என்று கேட்டேன். இது புது மாதிரி, திறந்தால் வாரண்டி போய்விடும் என்றார். காந்தன் சொன்ன குறைகள் இல்லாத பொருள் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு மெயின் சுவிட்சை அணைத்து ஆக்சிஜன் மெஷினை ஓட்டிக் காட்டினார். நாங்கள் தேநீர் குடித்து முடிக்கும்வரை ஓடியது. மறுவாரம், வாடகைக்கு எடுத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தேன்.

சென்ற மாதம் ஒரு பிற்பகல் புயல்மழையில் மரம் விழுந்து கரண்ட் போனது. மெஷின் சிறிது நேரம் ஓடி, கூவி, நின்றது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன்; சாலையில் மரம் கிடப்பதால் தாமதமாகும் என்றார்கள். மார்வினை அழைத்தேன், எடுக்கவில்லை. அதன் பிறகு, கார் வைத்திருக்கும் அண்டை வீட்டுத் திலகா வேலையிலிருந்து வரும்வரை என் கணவரின் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தேன். "அந்தப் பெட்டிய ஒரு தட்டு தட்டிப் பாரு" என்றார். எழுந்து போய்த் தட்டினேன். திரும்பி வந்தபோது அவர் பேசவில்லை. திலகா வந்தபோது மூச்சு இல்லை.

அடக்கத்திற்குப் பிறகு எலக்ட்ரீஷியனை அழைத்துப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே பழைய லோரி பேட்டரிகள் இருந்தன. மார்வினின் கடை பூட்டியிருந்தது. போலீசில் புகார் கொடுத்தேன். சாட்சி சொல்லும்படி ஜெயமணி அண்ணனைக் கேட்டேன். "கோயிலுக்கு நல்லதுதான செஞ்சாரு தங்கச்சி. நான் எப்படி அவர் மேல சொல்றது?" என்றார். தேரன்று உடனிருந்த மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள். காந்தனை மட்டும் நான் போய்ப் பார்க்கவில்லை.

மார்வின் கொடுத்தவற்றில் வேலை செய்தது ஏதும் உண்டா என்று போலீஸ் அதிகாரி கேட்டார். உண்டு. என் கணவரின் அடக்கப் பூசை அன்றும் தோட்டத்தில் கரண்ட் வரவில்லை. பூசை முடியும்வரை கோயிலில் ஒரு விளக்கும் மங்கவில்லை.

நான் சொன்னவை சொன்னபடியே எழுதப்பட்டு எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. இவை உண்மை. திருத்த ஏதுமில்லை.

(ஒப்பம்) பாட்ரீசியா