தப்பட்டை இல்லாத ஆட்டம்

ஓடுகிறோம். பாறையில் கால் வழுக்குகிறது. தலைக்கு மேல் ஒரே சீரான உறுமல். வடக்கிலிருந்து தெற்கே நகர்கிறது. "படுங்க! படுங்க!" மாமனார் சடையன் கத்துகிறார். புதரில் முகம் புதைக்கிறோம். உறுமல் தேய்கிறது. பிறகு சில்வண்டுகள் மட்டும்.

1942, சித்திரை. மலைமேல் எங்கள் வாழவந்தி நாட்டில் நாங்கள் கண்ட முதல் விமானம் அது. சப்பான்காரனிடம் ரங்கூன் விழுந்தது, பட்டணம் காலியாகிறது என்று அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் பேச்சு. அடுத்தது எங்கள் மலை என்று நம்பினோம். கீழ்ச்சரிவில் ஒரு குகையில் தங்கினோம். பதினோரு பேர்.

சடையன் விதி வகுத்தார். பகலில் அடுப்பு கூடாது. வெள்ளைத் துணி காயப்போடக் கூடாது. தப்பட்டையைச் சாக்கில் சுற்றிவைத்தார். விமானத்துக்குக் காது கேட்கும் என்றே எல்லோரும் நினைத்தோம்.

பேச்சு குறைந்தது. என் மனைவி செல்லாயி கைக்குழந்தையோடு பாறையைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். அவள் தங்கை பொன்னிக்கு அது பொறுக்கவில்லை. ஒரு மாலை எழுந்து ஆடினாள். பாட்டு இல்லை. உதடு மட்டும் தாளம் சொன்னது. வெறுங்கால் மண்ணில் படும் ஓசை. அவ்வளவுதான். இந்த நேரத்தில் என்ன ஆட்டம் என்று சடையன் சீறினார்.

"ஏனுங்கப்பா, சத்தமில்லாம ஆடுனா சப்பான்காரனுக்கு எப்படீங்க கேக்கும்? நீங்க ஆடுனாத்தான் பாறை அதிரும். நீங்க உக்காருங்க."

செல்லாயி சிரித்தாள். குகைக்கு வந்தபின் முதல் சிரிப்பு. மறுநாள் நாலு பேர் ஆடினார்கள். சில நாளில் சடையனும். தாளம் தப்பியவரைப் பொன்னி கையாலும் கண்ணாலும் திட்டுவாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பகலெல்லாம் அந்த மாலைக்காகக் காத்திருந்தோம்.

மழை வந்தது. கொசு வந்தது. கீழ்ச்சரிவின் விஷக்காய்ச்சலை மலையில் அறியாதவர் இல்லை. குண்டுக்குப் பயந்து அதை மறந்திருந்தோம். முதலில் போனது என் தம்பி மாரி. பிறகு எங்கள் குழந்தை. அன்று ஆட்டம் இல்லை. மறுநாள் மாலை செல்லாயிதான் முதலில் எழுந்தாள். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினாள். யாரும் தடுக்கவில்லை.

ஆனி. பொன்னி நடுங்குகிறாள். படுத்தபடியே விரலால் தரையில் தாளம் தட்டுகிறாள். மூன்றாம் நாள் காலை விரல் நின்றிருந்தது.

தப்பட்டை இல்லாமல் எங்கள் ஊரில் சாவு எடுப்பதில்லை. மாரிக்கும் குழந்தைக்கும் அது கிடைக்கவில்லை. பொன்னியைக் குழியருகே வைத்தோம். சடையன் குகைக்குள் போய்ச் சாக்கைப் பிரித்துத் தப்பட்டையோடு வந்தார். வேண்டாம் என்று செல்லாயி அவர் கையைப் பிடித்தாள்.

"எம் புள்ள சத்தமில்லாம ஆடுனது போதும் சாமி," என்றார் சடையன்.

அடித்தார். நண்பகல். எதிர்ச்சரிவில் மோதி ஒலி திரும்பி வந்தது. நாங்கள் வானத்தைப் பார்த்தபடி நின்றோம். எதுவும் வரவில்லை.

மறுநாள் மலையேறினோம். ஊரில் ஒரு கூரைகூடக் கலைந்திருக்கவில்லை.

இழந்தவை: அந்த ஆண்டுச் சாமை, விதையைக் குகையிலேயே தின்று தீர்த்திருந்தோம். அவிழ்த்துவிட்டுப் போன இரண்டு மாடுகள்.

இழந்தவர்கள்: மாரி, வயது பத்தொன்பது. பொன்னி, பதினெட்டு. எங்கள் மகன். அவனுக்கு இன்னும் பெயர் வைத்திருக்கவில்லை.