எட்வேட்டுக்கு ஒரு வாளி ஒயில்

பழைய எஞ்சின் ஒயிலை யாராவது கேட்டு வந்தால் இல்லையென்று அனுப்பக் கூடாது. தாழ்வுபாட்டில், எங்கள் மன்னார்க் கடற்கரை ஊரில், அது ஒரு மரியாதை. மீன்பிடி வள்ள எஞ்சினிலிருந்து வடித்தாலும் மோட்டார்சைக்கிளிலிருந்து வடித்தாலும், வாசம் எழும்பிய உடனே வேலிக்கு மேலால் ஒரு தலை தெரியும். வேலிக் கட்டைகளுக்குப் பூசினால் கறையான் கிட்ட வராது. எங்கள் பக்கத்து வீட்டு எட்வேட் அண்ணைக்கு நீளமான வேலி. அவருடைய வாளி பாதி நாள் எங்கள் வளவில்தான் கிடக்கும்.

தேத்தண்ணியைக் குடியுங்கள், துசாந்தினி. வெள்ளாங்குளத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறீர்கள், முகம் வாடிப்போயிருக்கிறது. பிறின்சி கோயிலுக்குப் போயிருக்கிறாள், பூசை முடிந்துதான் வருவாள். தம்பி கிறிஸ்ரி காருக்குக் கீழே படுத்திருக்கிறான். றேடியோவைப் போட்டுவிட்டால் அவனுக்கு வேறு ஒன்றும் கேட்காது. நாங்கள் ஆறுதலாகப் பேசலாம்.

நீங்கள் கதிரையில் இருந்த உடனே கேட்ட கேள்வி நியாயமானதுதான். "எங்கட அண்ணா அண்டைக்கு அந்தப் பாடுபட்டுக் கிடக்க, பெண்சாதி எண்டு ஒருத்தி பொழுதுபட வந்து நிக்கிறா. வர மனமில்லாமத்தானே அக்கா?" என்று கேட்டீர்கள். இரண்டு வருடமாக அதை நெஞ்சுக்குள் வைத்திருந்திருக்கிறீர்கள். பிறின்சியில் ஒரு பிழையும் இல்லை. அவளில் பிழை சொல்வதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தம்பி கிறிஸ்ரி இத்தாலியிலிருந்து லீவில் வந்தபோது கொழும்பில் வாங்கிக்கொண்டு வந்த கார். மஞ்சள் நிறம், இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். பந்தயத்தில் ஓடுகிற காராம். எங்கள் ஒழுங்கையில் கழுதைகள் குறுக்கே படுத்திருக்கும். அவன் ஹோன் அடிப்பான், அவை காதை மட்டும் ஆட்டும். மன்னாரில் இருக்கிற கழுதை எல்லாவற்றையும்விட மெதுவாகப் போகிற பந்தயக் கார் இதுதான் என்று எட்வேட் அண்ணை சொல்லுவார்.

அந்தக் கார் வந்த பிறகுதான் பிறின்சி சிரித்தாள். அது உங்களுக்குத் தெரியாது. முகாமிலிருந்து மீள்குடியேற்றத்துக்கு வந்தபோது அவளுக்குத் தாய் தகப்பனும் இல்லை, வீடும் இல்லை. முன்வளவுப் பிள்ளை, சின்னனில் என் இடுப்பில் வளர்ந்தவள். நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். என்னோடு இருந்து மீன் காயவைத்தாள், என் பாயில் படுத்தாள். உங்கள் அண்ணா சுகந்தனின் படத்தை மட்டும் தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்ளுவாள். கடைசிச் சண்டையில் கை தவறிப் போன மனிதர். மூன்று வருடமாக ஒரு தகவலும் இல்லை. போகாத அரசாங்கக் கந்தோர் இல்லை. யாரும் இருக்கிறார் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

கிறிஸ்ரி அவளுக்குக் கடற்கரையில் கார் பழக்கினான். ஒருநாள் அவள் கருவாட்டுப் பந்தலுக்குள்ளே காரை விட்டுவிட்டாள். என்னுடைய ஒரு கிழமை உழைப்பு, கட்டாப் பாரைக் கருவாடு முழுவதும் கண்ணாடிக்கு மேலே தொங்குகிறது. இரண்டு பேரும் காருக்குள்ளிருந்து சிரிக்கிறார்கள். எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. அன்று இரவு மூன்று சோற்றுக் கோப்பை எடுத்துக் கழுவி வைத்தேன். அதற்கு முன் எத்தனையோ வருடம் இந்த வீட்டில் ஒரு கோப்பையில் சாப்பிட்டவள் நான். தம்பியைப் படிப்பித்து வெளியில் அனுப்புவதிலேயே எனக்கு வயது போய்விட்டது. அதைக் குறையாகச் சொல்லவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் நீங்கள் போன் எடுத்தீர்கள். அண்ணா உயிரோடு இருக்கிறார், தடுப்பு முகாமிலிருந்து விட்டு வவுனியா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், சண்டையில் பட்டு முதுகுக்குள் கிடந்த செல் துண்டு சீழ் வைத்துவிட்டது என்று சொன்னீர்கள். கொழும்பிலிருந்து வருகிற பெரிய டொக்டர் நாளை மறுநாள் ஒருநாள்தான் நிற்பார், வெட்டி எடுத்தால் எழும்பி நடப்பார், விட்டால் தப்பமாட்டார் என்றும் சொன்னீர்கள். அண்ணாவோ, பிறின்சியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து வைப்பேன் என்று பிடிவாதமாக இருந்தார்.

பிறின்சி முழங்காலில் விழுந்து அழுதாள். சந்தோசத்தில். கிறிஸ்ரி வெளியே போய்க் கார்க் கதவில் சாய்ந்துகொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தால் உள்ளே வந்து என்னிடம் சொன்னான்: "அவவின்ர மனுசன் அக்கா. நானே கொண்டுபோய் விட்டிட்டு வாறன். பிறகு நான் இத்தாலிக்கு வெளிக்கிடுறன்."

அவன் நல்லவன். அவ்வளவு நல்லவனாக நான் அவனை வளர்த்திருக்கத் தேவையில்லை.

ஒன்றை நீங்கள் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். சாகக் கிடக்கிற ஒருவரிடமிருந்து பெண்சாதியை மறித்து வைக்கிறவள் அல்ல நான். அவர் சாகப்போகிறார் என்று நீங்கள் சொல்லியிருந்தால், சோறு கட்டிக் கொடுத்து நானும் கூடப் போயிருப்பேன். பிழைப்பார் என்று சொன்னீர்கள். அதுதான் எனக்கு யோசனையாக இருந்தது.

அடுத்த நாள் கிறிஸ்ரி கியர் ஒயில் மாற்றினான். மணலில் ஓடி ஓடிக் கியர் பொக்ஸ் களைத்துப்போயிற்று, வவுனியா வரைக்கும் போவதென்றால் புது ஒயில் வேண்டும் என்றான். எங்கள் மணலில் ஜாக்கி புதைந்துபோகும்; எட்வேட் அண்ணையின் பழைய வள்ளப் பலகைகளை அடுக்கி, அதற்கு மேலே காரை ஏற்றினான். நான் மீன் கழுவுகிற பெரிய அலுமினியச் சட்டியைக் கீழே வைத்து நட்டைக் கழற்றினான். நீங்கள் குடிக்கிற பிளேன் ரீ இருக்கிறதே, அதே நிறத்தில் வந்தது.

அவனுக்கு எதையும் எனக்கு விளங்கப்படுத்தினால்தான் வேலை ஓடும். அன்றைக்கு அவன் அழாமல் இருப்பதற்காகவும் பேசிக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். இந்தக் காரில் ஒயில் அளவு பார்க்கிற கம்பி கிடையாதாம். "வந்த அளவுதான் அக்கா திரும்பிப் போகவேணும். கூடினாலும் பிழை, குறைஞ்சாலும் பிழை. குறைஞ்சா இங்க ஓடேக்க ஒண்டும் தெரியாது. தூரம் போய்ச் சூடேறினாப் பிறகுதான் கியர் வழுக்கும். எஞ்சின் கத்தும், கார் போகாது." வடிந்த ஒயிலைச் சோடாப் போத்தல்களில் ஊற்றி அளந்து, அதே அளவு புதிதாக விடுவதுதான் அவனுடைய முறை.

அவன் குளிக்கப் போனான். எட்வேட் அண்ணையின் வாளி பக்கத்தில் இருந்தது. சட்டியை இரண்டு கையாலும் தூக்கி ஏறக்குறையப் பாதியை அதற்குள் ஊற்றினேன். வாளியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "கடவுள் உன்னை ஆசீர்வதிப்பார் பிள்ளை" என்றார். அவருடைய வேலி இன்றைக்கும் நல்லாக நிற்கிறது, வரும்போது பார்த்திருப்பீர்கள்.

கிறிஸ்ரி தலை துவட்டிக்கொண்டு வந்து போத்தல்களில் அளந்தான். குறைவாகத்தான் இருக்கிறது என்றேன், கேட்பது போல. "முழுக்க வராது அக்கா, மிச்சம் உள்ளுக்க நிக்கும்" என்றான். நானாக ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டி வரவில்லை. புது ஒயில் சிவப்பு, சர்பத் மாதிரி வடிவாக இருந்தது.

விடிய வெளிக்கிட்டார்கள். பிறின்சி தன் ஒரே நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். முருங்கன் தாண்டும் வரைக்கும் கார் பறந்ததாம். அதற்குப் பிறகு காட்டுப் பக்கம், அவன் சொன்ன மாதிரியே எஞ்சின் கத்தியது, கார் நின்றது. ஆனால் ஒன்றை அவன் எனக்குச் சொல்லவில்லை, அவனுக்கும் தெரிந்திருக்காது. ஆறவிட்டால் அது திரும்பவும் ஓடும். கொஞ்சத் தூரம் போகும், பிறகும் நிற்கும். ஒரேயடியாக நின்றிருந்தால் பஸ்ஸை மறித்து ஏறியிருப்பார்கள். இது ஓடும் போலக் காட்டிக் காட்டி நின்றது. பஸ்கள் பக்கத்தால் போயின. இந்தமுறை சரிவரும், இந்தமுறை சரிவரும் என்று அவன் பகல் முழுவதையும் அந்த றோட்டில் தொலைத்தான். அந்தக் காட்டுக்குள் போனும் வேலை செய்யாது.

ஆகவே மத்தியானம் நீங்கள் எனக்கு எடுத்தீர்கள். டொக்டர் மூன்று மணி மட்டும்தான் நிற்பாராம், அண்ணா இன்னும் கையெழுத்து வைக்கவில்லை, "அக்கா, அவை வந்துகொண்டிருக்கினம் எண்டு நீங்களே ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, உங்கட சொல்லையெண்டாலும் கேப்பார்" என்று போனை அவருடைய காதில் வைத்தீர்கள்.

அப்போது நான் என்ன சொன்னேன் என்று அவர் உங்களிடம் சொல்லவில்லை. இன்றைக்கு உங்கள் கேள்வியைக் கேட்ட பிறகுதான் அது எனக்குத் தெரியும். நல்ல மனிதர்.

"பிறின்சி வெளிக்கிட்டிட்டாவோ அக்கா?" என்று கேட்டார். குரல் மெல்லியதாக இருந்தது.

நான் சொன்னேன்: "தம்பி, ஆத்திரப்படாமக் கேளுங்கோ. பிறின்சி இப்ப என்ர தம்பியின்ர மனுசி. நீங்கள் இல்லையெண்டுதானே நினைச்சது. ரெண்டு பேரும் வருவினம். உங்களைப் பாத்திட்டுத் திரும்பிப் போறதுக்குத்தான் வருவினம். அவளை ஒண்டும் கேட்டு அழவைக்காதேங்கோ."

ஆஸ்பத்திரி வாட்டில் யாரோ பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அவர் அவவை நல்லா வச்சிருக்கிறாரோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

"சரி அக்கா. சந்தோசம்."

அவ்வளவுதான். போனை நீங்கள் திரும்ப எடுத்துக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார், வெட்ட வேண்டாம் என்று டொக்டரிடம் சொன்னார் என்பதெல்லாம் நீங்கள் இப்போது சொல்லித்தான் தெரியும். பொழுதுபட ஒரு லொறியில் ஏறி அவர்கள் வந்து சேர்ந்தபோது, பிறின்சியின் பையைப் பிடித்துக்கொண்டு கிறிஸ்ரி பக்கத்தில் நின்றிருப்பான். அவன் அப்படித்தான், பெண்களைச் சுமக்க விடமாட்டான். அவர் இரண்டு பேரையும் பார்த்திருப்பார். நான் சொன்னது சரி என்று நினைத்திருப்பார். அவள் காலைப் பிடித்துக் கூப்பிடக் கூப்பிடக் கண்ணைத் திறக்கவில்லையாம். விடிவதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஏன் தன்னைப் பார்க்கவில்லை என்று அவள் இன்றைக்கும் சிலவேளை கேட்பாள். நோய் வருத்தத்தின் கடுமை பிள்ளை, ஆளை அடையாளம் தெரிந்திருக்காது என்று தலையைத் தடவிவிடுவேன்.

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனபோது, ஒயில் பாதிதான் இருந்தது என்று கராஜில் சொல்லிவிட்டார்கள். கிறிஸ்ரி இடிந்துபோனான். "என்ர அளவு பிழைச்சுப் போச்சு. நான்தான் பிந்த வச்சனான்" என்று பிறின்சியின் காலடியில் இருந்து அழுதான். அவள்தான் அவனைத் தேற்றினாள். அப்படித் தேற்றித் தேற்றித்தான் அடுத்த வருடம் கோயிலில் கைப்பிடித்தார்கள். நான் நினைத்துச் செய்யவில்லை, ஆனால் அந்தக் குற்ற உணர்ச்சி அவனை எவ்வளவு நல்ல புருசனாக ஆக்கியிருக்கிறது என்று நீங்கள் பார்க்க வேண்டும். அவளை ஒரு குடம் தண்ணீர் தூக்க விடமாட்டான். உங்கள் அண்ணாவிடம் நான் சொன்னதும் இப்போது உண்மையாகிவிட்டது அல்லவா.

ஏன் எழும்புகிறீர்கள்? இருங்கள். பிறின்சியிடம் சொல்ல வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் மறிக்கமாட்டேன். அவளுக்கு இது ஐந்தாம் மாதம். பயந்த பிள்ளை. நீங்கள் சொல்லமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். உங்களுக்கும் என்னைப் போல இளகிய மனம், முகத்திலேயே தெரிகிறது.

நான் எனக்காக ஒன்றும் செய்யவில்லை, துசாந்தினி. அவர்கள் இரண்டு பேரும் சந்தோசமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கே இருந்தாலும் சரி.

நாளைக்கு இரண்டு பேரும் இத்தாலிக்குப் போகிறார்கள். இனி அங்கேதானாம். அந்தக் காரிலேயே கொழும்புக்குப் போய், அதை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுவார்கள். வாங்குகிறவரை ஏமாற்றக்கூடாது என்றுதான் இப்போது ஒயில் மாற்றுகிறான். பிள்ளை இங்கே பிறந்தால் என்ன என்று ஒரு சொல் கேட்டுப் பார்த்தேன். சிரித்தார்கள். நேற்று இரவு பிறின்சி கோப்பைகளைக் கழுவி, ஒன்றை மட்டும் வெளியில் வைத்துவிட்டு மற்றவற்றை அலுமாரிக்குள் அடுக்கினாள்.

றேடியோ நின்றுவிட்டது, கூப்பிடுகிறான். அந்த நாளுக்குப் பிறகு தன் கையில் அவனுக்கு நம்பிக்கை இல்லை. வடித்ததையும் அளக்கமாட்டான், புதியதையும் ஊற்றமாட்டான். இந்தமுறை இரண்டையும் என்னிடம் விட்டிருக்கிறான். எட்வேட் அண்ணையும் காலையிலேயே வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார், பாவம், பின்பக்க வேலி இன்னும் பூசவில்லையாம். தேத்தண்ணி ஆறுகிறது, குடியுங்கள். நான் அளந்துவிட்டு வருகிறேன்.