நற்கருணை கரையும்வரை

மானிப்பாயிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் குருநகர்ப் பெண்கள் இருவர், அக்காவும் தங்கையும். மூத்தவள் மடியில் ஒரு கிளாஸ் தண்ணீர், கைலேஞ்சியால் மூடியிருந்தது.

“அக்கா, கொஞ்சம் சுடுதண்ணி விட்டிருந்தால் உடனை கரைஞ்சிருக்கும்.”

“வாயைப் பொத்தடி. ஆண்டவரை அவிக்கப் பாக்கிறியோ?”

திடுக்கிட்டுக் காதைக் கொடுத்தேன். மானிப்பாய் ஆசுப்பத்திரியில் கிடக்கும் தகப்பனுக்குக் காலையில் சுவாமியார் நற்கருணை, ஆண்டவரின் உடலென்று அவர்கள் நம்பும் அப்பம், கொடுத்திருக்கிறார். அவர் போனபின் கிழவர் அதை இருமித் துப்பிவிட்டார். தண்ணீரில் முழுதும் கரைந்தால் கால்படாத எந்த மண்ணிலும் ஊற்றலாமாம். அது கரையவில்லை. அதனால் அக்கா ஊர்க் கோயிலுக்கே கொண்டுபோகிறாள்.

“அப்புவுக்கு மூச்சு இழுக்குது. கண் முழிச்சால் பக்கத்திலை ஆர் இருக்கினம்? ஆட்டிவிடு அக்கா, கெதியாக் கரையும்.”

“இதென்ன சீனியே, ஆட்டிக் கரைக்க? சிந்தினால் ஆக்கள் மிதிப்பினம்.”

நான் சைவக்காரன். ஆனாலும் என் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது. “யேசுவே!” என்று இருவரும் கிளாசைப் பொத்திப் பிடித்தார்கள். அக்கா லேஞ்சியை நீக்கி, கிளாசை வெளிச்சத்துக்கு உயர்த்தினாள்.

“ஒண்டையும் காணேல்லையடி.”

“வடிவாப் பார்.”

“பாத்திட்டன். ஆண்டவர் தானே ஆட்டிப்போட்டார். மணியை அடி.”

இருவரும் இறங்கி, பஸ் புறப்படும்போது அக்கா வேலியோரப் பூவரசின் அடியில் முழந்தாளிட்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். தங்கை தெருவின் மறுபக்கத்தில் நின்று, எதிரே வந்த மானிப்பாய் பஸ்ஸுக்கு இரண்டு கையையும் காட்டினாள்.

“அக்கா, ஓடிவா!”